உண்ணாவிரதப் பந்தலில் மாட்டிக்கொண்ட என் குடல்

மதிப்பிற்குரிய மச்சான் காயாரோகணம் அவர்களுக்கு, குத்தாலத்திலிருந்து கோவிந்தராசு கும்பிட்டு எழுதியது. இவ்விடம் என் வயிற்றைத் தவிர அனைவரும் நலம். சீர்காழியில் உங்கள் கார் உட்பட அனைவர் நலமும் அறிய ஆவல்.

உங்கள் தங்கை அம்சம் எனக்குச் சோறு போடாமல் வற்ற வைத்துவிட்டதாக நீங்கள் கோபித்துக்கொண்டீர்களாம். அவள் பாவம், விரால் குழம்பை வைத்துக்கொண்டு என் பின்னாலேயே அலைகிறாள், நான்தான் ஓடுகிறேன். சாப்பிட்டுக் கை கழுவி அரைமணி நேரத்தில் வயிற்றுக்குள் யாரோ துணி பிழிகிற மாதிரி வலி, சோற்றைக் கண்டாலே பயம், வேட்டி இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. தஞ்சாவூர் டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, குடலுக்கு ரத்தம் போகிற குழாய் அடைத்திருக்கிறது, பீடி செய்த வேலை, சீக்கிரம் ஸ்டென்ட் வைக்காவிட்டால் குடல் அழுகிவிடும் என்றார். மேட்டூரைத் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வராத கதைதான், எனக்கு உடனே புரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது நம் குத்தாலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பந்தல். நம் வயல்களை எண்ணெய்க் கிணறு தோண்ட எடுக்கப்போகிறார்களே, அதை எதிர்த்து உண்ணாவிரதம். தலைசுற்றலுக்கு நிழலாச்சே என்று உட்கார்ந்தேன். மற்றவர்களெல்லாம் பந்தலுக்குப் பின்னால் போய்ப் பரோட்டா தின்றுவிட்டு ஏப்பத்தோடு திரும்புகிறார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் வீரையன் என் விலா எலும்பைப் பார்த்தார், மைக்கைப் பிடித்தார். "இந்தா இருக்காரு பாருங்க உண்மையான போராளி! எத்தனை நாளா பட்டினியோ!" எதிர்க்கட்சிக்காரர் ஓடிவந்து துண்டு போட்டார், ஆளுங்கட்சிக்காரர் அதைவிடப் பெரிய துண்டு போட்டார். பாரத்தில் எழுந்திருக்க முடியவில்லை.

"தலைவரே, எனக்குக் குடல்ல அடைப்புங்க" என்று காதில் சொன்னேன். "சத்தமா சொல்லாதீங்கண்ணே, மந்திரி வர்ற வரைக்கும் பட்டினின்னே இருக்கட்டும். நிலம் போச்சுன்னா குடல் நல்லா இருந்து எதைத் திங்கப் போறோம்?" என்றார். துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன் மச்சான். எங்கப்பா கூலிக்கு நாத்து நட்ட வயல், இப்ப என் பேர்ல இருக்கு, அதை விட மனசு வரல. ஆகவே ஸ்டென்ட் வைக்க ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன், அதற்கென்று உங்கள் காரை அனுப்ப வேண்டாம். செத்தாலும் இந்தப் பந்தலில்தான். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிட்டு நன்றாக இருக்கட்டும்.

துண்டுகளுக்கு அடியிலிருந்து,
கோவிந்தராசு

பி.கு.: மந்திரி வந்துவிட்டார். சாத்துக்குடி ஜூஸை நீட்டினார். கிளாஸைப் பார்த்த பயத்தில் வாயை இறுக மூடிக்கொண்டேன். "எழுதிக் கொடுத்தாத்தான் குடிப்பாரு!" என்று வீரையன் கத்த, கூட்டமும் கத்த, நிலத்தை எடுக்க மாட்டோம் என்று மந்திரி அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வயல் பிழைத்தது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் ஊரே சேர்ந்து கிடா வெட்டி, எனக்குத் தலைவாழை இலை போட்டு, நான் சாப்பிடுவதைப் பார்க்கச் சுற்றி நிற்கிறது. அம்சம்தான் முதல் ஆளாகக் கரண்டியோடு நிற்கிறாள். மச்சான், காரை உடனே அனுப்புங்கள். பந்தலுக்குப் பின்பக்கமாக வரட்டும்.