நாற்பது மரங்களைப் படுக்க வைத்தேன்

பட்டியல் போட்டு வேலை செய்பவர்கள் தப்பே செய்யமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரே தப்பை வரிசை பிசகாமல் நாற்பது முறை செய்வார்கள். நான் செய்தேன்.

வனவியல் படித்த கையோடு தாம்பரத்தைத் தாண்டி ஒரு நர்சரியில் சேர்ந்தேன். ஒரு வருடத்துக்குள் உருப்படியாக எதையாவது வளர்த்துக் காட்டினால்தான் வேலை நிரந்தரம். எனக்கு வந்தது கிறிஸ்துமஸ் மரம். (வளர வளர ஒரு பக்கமாகச் சாயும் சோம்பேறி.) அதில் நேராக வளரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பெருக்க வேண்டும். மேடவாக்கத்தில் ஒரு வீட்டு வாசலில், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாலும் பிசகாத மரத்தைக் கண்டுபிடித்தேன். விதை போட்டால் பிள்ளை எப்படியும் பிறக்கலாம். கிளையை வெட்டி நட்டால் அப்படியே தாய்.

ஏணியோடு வந்த நர்சரி கலா அக்கா உச்சியைக் காட்டினார். "அங்கேர்ந்து வெட்டிக்கலாமா மேடம்?"

"வேணாம்க்கா. ஒண்ணு, மரம் அசிங்கமாயிடும். ரெண்டு, வீட்டுக்காரர் திட்டுவார். மூணு, பக்கக் கிளையும் அதே மரம்தானே?"

(மூன்றாவதில்தான் விழுந்தேன்.)

வெட்டி நட்ட நாற்பது பக்கக் கிளைகளும் வேர்விட்டன. எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தேன். சில மாதம் கழித்து கலா அக்கா கூப்பிட்டார்.

"இன்னா மேடம், எல்லாம் படுத்துகினு கீது?"

"வெளிச்சத்தைத் தேடுதுக்கா. திருப்பி வைங்க."

திருப்பினோம். தொட்டியோடு திரும்பிப் படுத்தன. குச்சி கட்டினோம். குச்சியைத் தாண்டியதும் படுத்தன.

மேலாளர் பார்வையிட வந்த அன்று, நாற்பது செடிகளும் பஸ்ஸை நிறுத்துவதுபோல் கையை நீட்டிக்கொண்டிருந்தன.

"பக்கக் கிளையாம்மா?"

"ஆமா சார்."

"கிளையா இருந்தது கிளையாத்தான் வளரும். மரமாகணும்னு அதுக்குத் தெரியாதே. இதெல்லாம் காலேஜ்லயே வந்திருக்குமே?"

வந்தது. அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்குத்தான்.

வேலை நிரந்தரமாவது இன்னொரு வருடம் தள்ளிப்போனது. இந்த முறை நானே ஏணியில் ஏறி உச்சியை வெட்டினேன். (வீட்டுக்காரர் திட்டினார். என் பட்டியலில் இரண்டாவது சரி.) வெட்டிய இடத்தில் நாலைந்து தளிர்கள் நேராகக் கிளம்பின, அவற்றை வெட்டி நட்டோம். அத்தனையும் பள்ளிக்கூடப் பிரேயர்போல் விறைப்பாக நிற்கின்றன. வேலையும் நிலைத்து நின்றது.

பழைய நாற்பதில் ஒன்று இரும்புலியூரில் எங்கள் மொட்டைமாடியில் இருக்கிறது. இப்போது கைப்பிடிச்சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. டிசம்பரில் ஸ்டெல்லா ஆன்ட்டி அவர் மாடியில் நின்றபடியே அதில் ஸ்டார் மாட்டுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை மணி பத்தாகியும் நான் எழுந்திருக்கவில்லை என்றால் அப்பா விசாரிக்கிறார். அம்மா அறைக்குள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

"அது பக்கக் கிளைங்க. போய் ஒரு குச்சி கொண்டாங்க, கட்டி நிறுத்துவோம்."