வேர்வை சிந்திய சொம்பு

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் கள்ளிக்குப்பத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை. செங்கல்வராய சாமி என்ற சாமியாரின் கொட்டகையில் ஒரு பித்தளைச் சொம்புக்கு மட்டும் தினமும் வியர்த்தது. உள்ளே அம்மன் இருக்கிறாளாம். பக்தர்களின் கஷ்டத்தைப் பார்த்து வியர்க்கிறதாம். கஷ்டத்தைத் தீர்க்காமல் ஏன் வியர்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சென்னீர்குப்பத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள்.

அம்மன் நேரம் தவறாதவள். மாலையில் கடற்காற்று அம்பத்தூர் வந்து சேர்ந்த பிறகுதான் நன்றாக வியர்ப்பாள். சாமி பஞ்சால் ஒற்றி நாக்கில் பிழிவார். சில்லென்றிருக்கும். "ஆத்தா மனசு குளிர்ந்துட்டா" என்பார். வாயைச் சிவப்புத் துணியால் கட்டிய சொம்பை மட்டும் யாரும் தொடக் கூடாது.

கன்னியம்மாவின் புருஷன் கோவிந்தனுக்குக் காசநோய். "மாத்திரையும் தீர்த்தமும் ஒத்துக்காதும்மா" என்றார் சாமி. அவள் மாத்திரையை நிறுத்தினாள். மூன்றாவது வாரம் அவன் ரத்தமாக இருமினான்.

கோவிந்தனின் அக்கா வேம்புலியம்மாள் ஐஸ் கம்பெனியில் வேலை செய்பவள். தம்பியைப் பார்க்க வந்தவள் திகைத்துப் போனாள்.

"மாத்திரைய ஏன் நிறுத்தின?"

"ஆத்தா பாத்துக்குவா அண்ணி. சொம்பு எப்டி வேர்க்குதுன்னு நீங்களே வந்து பாருங்க."

வேம்புலியம்மாள் போனாள், பார்த்தாள், திரும்பினாள். மறுநாள் அதே போலச் சிவப்புத் துணி கட்டிய தன் சொம்பைக் கொண்டுவந்து சாமியின் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இன்னாம்மா இது?"

"எங்க ஊட்டு சொம்பு சாமி. இதுக்கும் வேர்க்குதான்னு பாக்கலாம்."

காற்று வந்தது. இரண்டுக்கும் வியர்த்தது. கூட்டம் முணுமுணுத்தது.

"உள்ள ஊத்துன தண்ணி கசியுது. அது ஓட்ட சொம்பு" என்றார் சாமி.

அவள் துணியை அவிழ்த்தாள். உள்ளே பேனா மை கலந்த நீலத் தண்ணீர், அதில் ஐஸ் கட்டிகள். வெள்ளைத் துணியால் சொம்பின் வெளிப்புறத்தைத் துடைத்துக் காட்டினாள். துணியில் ஒரு பொட்டு நீலம் இல்லை.

"கசிஞ்சா நீலமா இல்ல வரணும்? கொடில காயிற துணித் தண்ணி, வத்திப்போன ஏரித் தண்ணி, கடல் தண்ணி எல்லாம் ஆவியாயி காத்துலதான் கீது. சில்லுன்னு கீற எது மேல பட்டாலும் மறுபடி தண்ணியாவுது. எங்க கம்பெனில ஐஸ் டின்னுக்கெல்லாம் தெனம் வேர்க்குது. நாங்க யாரும் கும்புடல. இப்ப உன் சொம்பத் தொற."

"தொறந்தா கண்ணு பூடும்."

கன்னியம்மாதான் எழுந்தாள். போய்ச் சாமியின் சொம்புத் துணியை விலக்கினாள். குனிந்து உள்ளே பார்த்தாள்.

"அம்மன் அஞ்சு ஐஸ் துண்டா கீறா அண்ணி" என்றாள்.

கூட்டம் எட்டிப் பார்ப்பதற்குள் சாமி பின்பக்கக் கீற்றைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். கன்னியம்மா அன்றே புருஷனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் திட்டிவிட்டு மருந்தை முதலிலிருந்து தொடங்கினார். ஒரு வருஷம் பிடித்தது. கோவிந்தன் பிழைத்துக்கொண்டான்.

சாமி ஓடிய அன்று வேம்புலியம்மாள் தன் சொம்பை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கூட்டத்திலிருந்து ஒருவர் பஞ்சோடு குறுக்கே வந்தார்.

"அக்கா, உன் சொம்புல ஒரு சொட்டு ஒத்திக்கினு போவட்டா?"

கண்ணால் பார்த்தோம், கண்ணால் பார்த்தோம் என்கிற பெருமக்களே, கண்ணுக்கு நாலு விரல் மேலே இன்னொன்றும் இருக்கிறது. அதையும் தயவுசெய்து ஒரு முறை திறந்து பாருங்கள்.