அறுபத்தோராவது மணியில் ஓர் இருமல்

அன்புள்ள மாமாவுக்கு,

அறுபத்தோராவது மணி நேரத்தில் என்ஜின் ஒருமுறை இருமியது என்று அன்று நான் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு வயலின் வாத்தியார் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "நடுவுல ஒரு இடத்துல சுருதி இறங்குச்சே, என்னம்மா?" என்று கேட்டபோது, "இல்லையே சார்" என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். முறைப்படி நலம் விசாரித்துவிட்டு எழுதலாம் என்றிருந்தால், உங்கள் முழங்கால், அத்தையின் தையல் வகுப்பு, அங்கே மழை எப்படி என்று மூன்றாம் பக்கம் போவதற்குள் என் தைரியம் கரைந்துவிடும். சொல்லியாகிவிட்டது, இனி முறைப்படி. இங்கே நாங்கள் மூவரும் நலம். விமானமும் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் நான் போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து நின்று, நான் சொல்ல வேண்டியதை எனக்கு முன்னால் சொல்வாள். உங்கள் வீட்டில் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள். அதனால் கடிதம்.

போன வாரம், அப்பா முன்னறையில் கட்டி முடித்த விமானத்தை லாரியில் ஏற்றி ஓடுதளத்துக்குக் கொண்டுபோனோம். முன்னறை ஒரு காலத்தில் கடையாக இருந்ததால் ஷட்டரைத் தூக்கியதும் உடம்பு ஒரு தடவை, இறக்கைகள் ஒரு தடவை என்று சிரமமில்லாமல் வெளியே வந்துவிட்டன. வெளியே எடுக்கவே முடியாது, வீட்டை இடிக்கத்தான் வேண்டும் என்று பதினாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த தெருக்காரர்கள் முகம் தொங்கிப்போயிற்று. இப்போது அந்த அறையில் பேசினால் குரல் திரும்பி வருகிறது. ஆனால் ஒரு வேடிக்கை, மாமா. இடது இறக்கையின் நுனி இருந்த இடத்துக்கு வரும்போது நாங்கள் மூன்று பேரும் இன்னும் தலையைக் குனிந்துகொள்கிறோம். நேற்று சிலிண்டர் போட வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு, என்னவோ ஏதோ என்று அவரும் குனிந்தே போனார்.

எனக்கு எட்டு வயதில் தொடங்கியது இது. பலகைப் பசையின் வாசம்தான் எனக்கு வீட்டு வாசம். அம்மா சாப்பிடக் கூப்பிடும்போது, "உன் தம்பியை ஓரமா நகத்திட்டு உக்காரு" என்பாள்; தம்பி என்பது விமானத்தின் வால். மற்ற வீடுகளில் பிள்ளைகளின் உயரத்தைக் கதவு நிலையில் குறிப்பார்கள். எங்கள் வீட்டில் விமான வாலின் சுக்கானில், அதன் நடுக்கட்டையில் குறித்தார்கள். பிறகு அதன் மேல் துணி போர்த்தி வர்ணம் அடித்தாகிவிட்டது. எட்டு வயதிலிருந்து பதினான்கு வரை நான் வளர்ந்தது அத்தனையும் அதற்குள்தான் இருக்கிறது. பதினான்குக்குமேல் கட்டையும் போதவில்லை, நானும் வளரவில்லை.

என்ஜின் கதைக்கு வருகிறேன். முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு நம்பகம் என்பது என்ன என்று உங்களுக்கே தெரியும். மாடிக்கும் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேரைக் கைப்பிடித்து வெளியே இழுத்தவர். "லிஃப்ட் நின்னா அலாரம் அடிக்கலாம். மேல போய் நின்னா யாருக்கு அடிக்கறது?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. அந்தக் கேள்வியோடு இரண்டு வருடம் அலைந்தார். வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானத்தில் பறந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் அசல் விமான என்ஜின் ஒன்று, பழைய போர்வைக்குள் இருந்தது. எத்தனை மணி ஓடியது என்று அப்பா கேட்டார். "எழுநூறு. எண்ணூறுன்னு வெச்சுக்கங்களேன்" என்றார் அவர். அப்பா போர்வையை மறுபடி ஒழுங்காக மூடிவிட்டு எழுந்துவிட்டார். அடுத்து புத்தம்புது டூ-ஸ்ட்ரோக் என்ஜின், ஒரு கையால் தூக்கலாம், அவ்வளவு லேசு. நடுவழியில் நின்றுபோகுமா என்று கேட்டதற்கு, விற்பனையாளர் நல்ல மனசோடு, "நின்னாலும் பட்டுனு நிக்காது சார், சொல்லிட்டுதான் நிக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி இதுல கால்வாசிகூட விசாரிக்கலை இந்த மனுஷன்" என்று அம்மா சாம்பிராணி போடாத குறையாகப் புகைந்தாள்.

அப்போதுதான் உங்கள் கார் படுத்தது. உடம்பெல்லாம் துருப்பிடித்து, பின்கதவு கயிற்றில் நின்ற அந்தக் காரிலிருந்து என்ஜினை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னீர்கள். அப்பா உங்களைக் கேட்டதும் நீங்கள் பதில் சொன்னதும் நேற்று நடந்த மாதிரி இருக்கிறது.

"இது எப்பெப்பல்லாம் நின்னிருக்கு மச்சான்? மறைக்காம சொல்லு."

"மூணு தடவை அத்தான். ரெண்டு தடவை பெட்ரோல் போட மறந்துட்டேன். ஒரு தடவை அக்கா ஏதோ கோவத்துல பேசிட்டே சாவியைத் திருப்பிட்டா."

அம்மா, "அது நீ பாதையைத் தப்பவிட்டதால" என்றாள். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. "இதுதான் என்ஜின்" என்றார். அது நின்ற கணக்கை ஒளிக்காமல் சொன்னீர்கள் என்பதற்காகவே அதை எடுத்துக்கொண்டார். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம். உங்கள் கார் பின்சீட்டில் தூங்கி வளர்ந்தவள் நான். மேட்டில் ஏறும்போது அது குரலைத் தாழ்த்திக்கொள்ளும். சமதளம் வந்ததும் பெருமூச்சு விட்டுப் பழைய குரலுக்கு வரும். கண்ணைத் திறக்காமலே எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிவிடுவேன். அந்தக் குரல் எங்கள் கொல்லைப்புறத்தில் புரொப்பல்லரோடு கேட்ட முதல் நாள், நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன். இதுவும் நான் சொல்லாததுதான்.

அப்பாவின் சட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொல்லையில் தாங்கி கட்டி, என்ஜினை அதில் ஏற்றி, நூறு மணி நேரம் ஓட்ட வேண்டும். ஒரே ஒரு இருமல் வந்தாலும் கணக்கு பூஜ்யத்திலிருந்து. ஆள் மாற்றி ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெய் அழுத்தம், சூடு எல்லாம் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பன்னிரண்டாவது மணியில் பெல்ட் அறுந்தது, பூஜ்யம். நாற்பதில் ஒரு வயர் கழன்றது, மறுபடி பூஜ்யம். மூன்றாவது சுற்றில் நீங்கள் லீவு போட்டு வந்து இரண்டு வாரம் முறை பார்த்தீர்கள். வயலின் வாத்தியார் முதலில் சண்டைக்கு வந்தார், பிறகு, "இது நின்னா பிள்ளைங்களுக்கு சுருதி போயிடுது, நிறுத்தாதீங்க" என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டார்.

அந்த மூன்றாவது சுற்றில் நடந்தது இதுதான். அப்பா போல்ட் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். என் முறை. மடியில் எண்ணூறு பக்க நாவல். காற்று படாத பக்கமாக, தோள் உயரத்தில் ஸ்டாண்டின் மேல் வைத்திருந்த பெட்ரோல் தொட்டிதான் கொல்லையிலேயே சமமான ஒரே இடம். நானும் அம்மாவும் அதைத்தான் அலமாரியாக வைத்திருந்தோம். கடைசிப் பக்கத்தை முடித்துப் புத்தகத்தை அதன் மேல் வைத்துவிட்டு, கதையில் அந்தப் பெண் ஏன் திரும்பிப் போனாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் இருக்கும். திடீரென்று ஒரு இருமல். இன்னொன்று. குரல் இறங்கி, இறங்கி, மேட்டில் ஏறும் குரலுக்கும் கீழே போயிற்று. நான் பதறி எழுந்து, எதற்கென்று தெரியாமல் புத்தகத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவ்வளவுதான். என்ஜின் ஒரு விக்கலோடு பழைய குரலுக்கு வந்துவிட்டது. நோட்டில் "சீராக ஓடியது" என்று எழுதினேன். அப்பா வந்து, "எப்படிம்மா ஓடுச்சு?" என்றார். "ஓடுச்சுப்பா" என்றேன். அப்படியே நூறு மணியும் முடிந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பறப்பதற்கான அப்பாவின் மருத்துவச் சான்று இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. போன தடவையே கண் டாக்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டுத்தான், "இதான் கடைசிக் கையெழுத்து" என்று போட்டார். மறுபடி பூஜ்யம் என்றால் நூறு மணி முடிவதற்குள் தேதி போய்விடும். பதினாறு வருடம் கட்டியவர் ஒரு நாள்கூடப் பறக்காமல் போவார். சொல்லாவிட்டாலோ, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, இருமக்கூடிய ஒரு என்ஜினோடு அவர் தனியாக மேலே போவார். அலாரம் கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவில், மாடிக்கும் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி நான் ஐந்து வாரமாக நிற்கிறேன். உங்கள் என்ஜின், நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்று சொல்லுங்கள். காரணம் நான் என்று சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை.

அத்தைக்கு என் அன்பு. முழங்காலை மடக்கி உட்காராதீர்கள். உங்கள் ஆசீர்வாதத்தையும், அதற்கு முன்னால் உங்கள் போனையும் எதிர்பார்க்கும்,
அக்கா மகள்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். நான் உறை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் அம்மா கடிதத்தைப் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று நின்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாக, "உனக்கு அறுபத்தொண்ணா? எனக்கு முப்பத்தி நாலு" என்றாள். பட்டாணி உரித்துக் கழுவிய தட்டைத் தொட்டி மேல் வைத்திருந்தாளாம். இருமியதாம். தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து பார்த்தால் நன்றாக ஓடியதாம். "உங்க அப்பா முகத்தைப் பாத்து எப்படிடி சொல்றது?" என்றாள். பிறகு சட்டென்று நிமிர்ந்து, "தட்டு. புத்தகம். அடியே, எண்ணெய் டின்னுல ஒரு ஓட்டை போட்டா ஊத்துமா? ரெண்டு போட்டாதானே ஊத்தும்!" என்றாள்.

அப்பாவிடம் இரண்டு இருமலையும் சொன்னோம். அரை மணியில் மூவரும் ஓடுதளக் கொட்டகையில் இருந்தோம். அதே தொட்டிதான் இப்போது விமானத்தின் மூக்கில் இருக்கிறது. உள்ளே காற்று போக அதன் மூடியில் ஓர் ஊசித் துளை. அப்பா குழாயைக் கழற்றி ஒரு டப்பாவில் பெட்ரோலை விட்டார். நாவலைத் தட்டையாக மூடி மேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒழுக்கு மெலிந்து, நூலாகி, சொட்டாயிற்று. புத்தகத்தை எடுத்தார். தொட்டி ஒரு ஏப்பம் விட்டது, பெட்ரோல் கொட்டியது. தட்டை வைத்துப் பார்த்தார். அதுவும் அப்படியே.

"என்ஜினை நம்பலாம்" என்றார் அப்பா. "வீட்டு ஆளுங்களைத்தான் நம்ப முடியலை."

அது கோபம் இல்லை, அதைவிடக் கஷ்டமான ஒன்று. நாங்கள் தலை குனிந்து நின்றோம். அம்மா சும்மா இருக்கமாட்டாமல் நோட்டைப் புரட்டினாள்.

"என்னங்க, உங்க முறை இது. எண்பத்தி மூணுல ஒண்ணும் எழுதலையே?"

"பேனா எழுதலை."

"அடுத்த வரி எழுதியிருக்கே?"

"அப்புறம் எழுதுச்சு."

அம்மா நோட்டை மூடினாள். பிறகு எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூடியை மட்டும் கழற்றித் தொலைவாக எடுத்துப்போய், அந்தத் துளையில் சுண்டுவிரல் நீளத்துக்கு வளைந்த குழாய் ஒன்றைப் பற்றவைத்தார். இனி அதன் மேல் யாராலும் எதையும் வைக்க முடியாது. இன்னொன்று, மாமா. நாற்பத்திரண்டாவது மணியில் உங்கள் கையெழுத்தில் "அருமை" என்று இருக்கிறது. நோட்டு முழுவதும் அந்த வார்த்தை அந்த ஒரு இடத்தில்தான். தொட்டி மேல் நீங்கள் என்ன வைத்தீர்கள் என்று அப்பா கேட்கச் சொன்னார்.

இன்னும் ஒரு பின்குறிப்பு, ஒரு மாதம் கழித்து: இந்தக் கடிதம் என் நாவலுக்குள்ளேயே இருந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அப்பாவே உங்களுக்குப் போனில் சொல்லிவிட்டார், இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். காலை ஏழு இருபதுக்கு மேலே போனார். என்ஜின் ஒரே குரலில் ஓடியது. பதினான்கு நிமிடம் கழித்து இறங்கினார். மாதக் கடைசியில் டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. விமானம் கொட்டகையில் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை, வாலைக் கட்டிப்போட்டு, முறை வைத்து ஒரு மணி நேரம் ஓட்டுகிறோம். இந்த வாரம் என் முறை. புத்தகம் மடியில்தான் இருக்கிறது.