மூன்றாவது சென்சார்

இந்த வருஷமாவது தன் வாழ்க்கையில் ஒரு விஷயம் தன் இஷ்டப்படி நடக்க வேண்டும் என்று தராசுக்காரர் முடிவு செய்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது வண்டியை. அங்கேயே தப்பு நடந்துவிட்டது.

வண்டி மனைவியுடையது. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சர். திங்கள் முதல் சனி வரை யாராவது ஒரு மாணவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்ப்பார். பக்கத்து சீட்டில் அவள் உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி தராசுக்காரருக்கு. அன்றைக்கும் அவள் கூட வந்தால், அவர் அறுபதைத் தொட்டதும் வண்டி தானாக நாற்பதுக்கு இறங்கும். திரும்பிப் பார்த்தால் அவள் ஜன்னல் வழியாக மரங்களை ரசித்துக்கொண்டிருப்பாள். அவள் வராத ஞாயிறுகளும் உண்டு. மற்ற ஆறு நாளையும் அவர் ஓட்டியது அந்த ஞாயிறுகளை நம்பித்தான்.

தராசுக்காரரின் பிழைப்பு என்னவென்றால், கடை கடையாகப் போய் எடைக்கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது. இருபது வருஷமாக இதே வேலை. அதில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. தப்பு எப்போதும் கருவியில்தான் இருக்கும். வீட்டில் ஜுரம் வந்தால்கூட முதலில் தெர்மாமீட்டரைத்தான் திட்டுவார்.

மனைவி இரண்டு நாள் அக்கா வீட்டுக்குப் போனாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் இவர் பானெட்டைத் திறந்துவிட்டார். என்ஜினிலிருந்து புகையை வாங்கி வெளியே அனுப்பும் கனத்த இரும்புக் கட்டியைக் கழற்றினார். அந்த இடத்தில் ஹெட்டர் என்கிற பளபளப்பான வளைகுழாய்களை மாட்டினார். ஹெட்டர் போட்டால் என்ஜின் தாராளமாக மூச்சு விடும், இழுவை கூடும் என்று பத்துப் பதினைந்து வீடியோ பார்த்திருந்தார். என்ஜினுக்கும் குழாய்க்கும் நடுவே சந்து விழாமல் இருக்க கேஸ்கெட் என்று ஒரு தகடு வேண்டும். புதுசு வாங்க மறந்துவிட்டார். பழையதைத் துடைத்துப் பார்த்தார். நன்றாகத்தானே இருக்கிறது என்று அதையே வைத்து முடுக்கிவிட்டார்.

திங்கட்கிழமை காலை மனைவி சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமியது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது.

“என்னங்க இது?”

“ஹெட்டர். உனக்கு ஒரு சர்ப்ரைஸ்.”

“விளக்கு?”

“அது ஒண்ணுமில்ல. ஆக்சிஜன் சென்சார்.”

“ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு விளக்கு போடுறான்?”

அவர் விளக்கினார். புகைக்குழாயில் அந்த சென்சார் மூக்கை நீட்டிக்கொண்டு இருக்கும். புகையில் காற்று எவ்வளவு மிச்சம் என்று மோந்து பார்த்துச் சொல்லும். காற்று அதிகம் என்றால் வண்டியிலுள்ள கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். ஊற்றி ஊற்றிப் பார்த்தும் சரிப்படவில்லை என்றால் விளக்கைப் போட்டுவிடும்.

“அப்ப காத்து அதிகம்னு அது சொல்லுது.”

“சொல்லுது. பொய் சொல்லுது.”

“பாவம், அதுக்கென்ன ஆதாயம்?”

“கருவிங்களைப் பத்தி எனக்குத் தெரியும்மா.”

“ஸ்டார்ட் பண்ணதுலேருந்து டிக் டிக்குனு ஒரு சத்தம் வருதே. வண்டி சூடாக ஆகக் குறையுதே.”

“அது ஹெட்டரோட ராகம்.”

அவள் கொஞ்ச நேரம் அந்த ராகத்தைக் கேட்டாள். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர் போடும் கியரைக் காதாலேயே திருத்துகிறவள் அவள்.

“அடுத்த வாரம் வியாழக்கிழமை வண்டி வருஷச் சோதனைக்குப் போகணும்,” என்றாள். “விளக்கு எரிஞ்சா பாஸ் கிடையாது. எனக்குக் கிளாஸ் கிடையாது. புதன்கிழமைக்குள்ள நீங்க அதை அணைச்சிட்டா ஹெட்டரும் இருக்கட்டும், ஞாயித்துக்கிழமையும் உங்களுக்கே. அணைக்கலேன்னா பழைய இரும்பை மாட்டிடுங்க. ஞாயித்துக்கிழமையும் எனக்கு.”

“ரெண்டு நாள் போதும் எனக்கு,” என்றார் அவர். சொன்ன பிறகுதான் யோசித்தார். ஞாயிறு போனால் அவருக்கு என்ன இருக்கிறது?

இருந்த சென்சாரைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டார். விளக்கு எரிந்தது. ஹெட்டரில் சென்சார் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டதே, ஒயர் இழுபடுகிறதோ என்று ஒயரை நீட்டினார். விளக்கு எரிந்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று வேறு கடையில் இரண்டாவது சென்சார் வாங்கினார். அதுவும் போன தடவை சொன்னதையே சொன்னது.

“ரெண்டும் ஒரே மாதிரி பொய் சொல்லுதா?” என்றாள் மனைவி.

“ஒரே கம்பெனி.”

“பேசி வச்சுக்கிட்டுச் சொல்லுதுங்க போல.”

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை மாலை, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மூன்றாவது சென்சாரை மாட்டினார். விளக்கு கண் சிமிட்டக்கூட இல்லை. அப்படியே எரிந்தது. புதன்கிழமை அவர் ஒரு மளிகைக் கடையில் நல்ல தராசு ஒன்றை மூன்று தடவை சோதித்து, மூன்று தடவையும் சரியாக இருந்ததற்காகக் கடைக்காரரிடம் எரிந்து விழுந்தார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, போகிற உயிர் போகட்டும் என்று சாவியைத் திருப்பினார். விளக்கு இல்லை. அணைத்து மறுபடி திருப்பினார். இல்லை. டிக் டிக்கும் இல்லை.

பானெட்டைத் திறந்தார். ஹெட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே புத்தம்புதுத் தகடு ஒன்றின் விளிம்பு மின்னியது. போல்ட்டுகளில் புதிதாக ஸ்பேனர் பிடித்த தடம். அக்கம்பக்கத்தில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. நுரையைத் தெளித்தால் சந்து இருக்கிற இடத்தில் குமிழி வரும். அந்தச் சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்திருக்கிறது. அதை மோந்த சென்சார்கள் எல்லாமே பார்த்ததைப் பார்த்தபடி சொல்லியிருக்கின்றன. தராசுக்காரருக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. பானெட்டைச் சத்தமில்லாமல் மூடினார்.

“என்ன பார்த்தீங்க?” என்றாள் வாசலில் நின்ற மனைவி.

“சென்சார் எப்படி உக்காந்திருக்குன்னு.”

“விளக்கு?”

அவருக்கு இரண்டு வழி இருந்தது. அதில் ஒன்று யோக்கியமானது. “அணைஞ்சிருச்சு,” என்றார். “மூணாவது சென்சார். நான்தான் சொன்னேனே, சரக்கு நல்லதா இருக்கணும்னு.”

“அட, நீங்களேவா சரி பண்ணீங்க?”

“பின்ன?”

“எப்படிங்க?”

அவள் இப்படிக் கண்ணை விரித்துக் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. வோல்டேஜ் என்றார், வெப்பம் என்றார், ஒயரின் நீளம் என்றார். கைவிரலால் காற்றில் வரைபடமே போட்டார்.

“ஒரு நிமிஷம், இதை அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்க,” என்று போனை அவர் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினாள். லைனில் டிரைவிங் ஸ்கூல் ஓனரம்மா. அவர் இன்னொரு தடவை சொன்னார். முதல் தடவையைவிட நன்றாகவே சொன்னார். எந்த வண்டியில் எந்த விளக்கு எரிந்தாலும் தனக்குப் பத்து நிமிஷ வேலை என்றும் சொல்லிவைத்தார். வியாழக்கிழமை வண்டி சோதனையில் பாஸானது. சனிக்கிழமை அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாவியைச் சுழற்றிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் எல் போர்டு மாட்டிய ஐந்து கார்கள், ஆளுக்கொரு டிரைவரோடு வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு விளக்கு எரிந்தது. ஓனரம்மா மடக்கு நாற்காலி, பிளாஸ்க் சகிதமாக வந்து உட்கார்ந்திருந்தார்.

தராசுக்காரர் மனைவியை ஓரமாக இழுத்தார். “உண்மையைச் சொல்லிடறேன். அந்த விளக்கை நான் அணைக்கல.”

“நிஜமாவா?”

“நிஜமா. சென்சார்ல ஒண்ணுமே இல்ல. யாரோ கேஸ்கெட்டை மாத்தியிருக்காங்க.”

“எந்த கேஸ்கெட்?” என்றாள் அவள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. “அது கிடக்கட்டும். நீங்க அணைக்கலேன்னா பந்தயத்துல தோத்துட்டீங்க. பழைய இரும்பை மாட்டணும். ஞாயித்துக்கிழமை எனக்கு. அவ்வளவுதானே?”

அவர் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார். “இல்ல. நான்தான் அணைச்சேன்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“நான்தான்.”

“அப்ப வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. போறதுக்கு முன்னாடி இவங்க அஞ்சு பேருக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. தலைக்குப் பத்து நிமிஷம்னு சொன்னீங்களே.”

தராசுக்காரர் ஐந்து கார்களையும் பார்த்தார். ஓனரம்மாவைப் பார்த்தார். பிறகு பாலிஷ் போட்ட ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முதல் காருக்கு அடியில் மல்லாந்து நுழைந்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் கையிலிருந்து மனைவி சாவியை எடுத்துக்கொண்டாள்.

“வண்டி சும்மாதானே நிக்குது. நான் அக்கா வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.”

ஹெட்டர் உறுமியது. டிக் டிக் இல்லாத, சுத்தமான உறுமல். அடியிலிருந்து பார்த்தால் சக்கரங்கள் மட்டும் தெரிந்தன.

“மேடம், சாருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?” என்று வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

அவள் ஜன்னலை இறக்கினாள்.

“அவரை அவசரப்படுத்தாதீங்க. ஞாயித்துக்கிழமை முழுக்க அவரோடதுதான்.”