பேராசிரியர் கழுவிய கம்பி வலை

ஏமாற்றப்பட்டவள் மனைவி. ஏமாற்றியவர் கணவர். ஒரே ஆய்வுக்கூடத்தில் அவர் துறைத் தலைவர், அவள் தற்காலிக ஆய்வாளர். மூன்று வருடம் விரல் வெந்து அவள் செய்த கம்பி வலையைத் தன் கண்டுபிடிப்பு என்று அவர் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டார். வழக்கு இவ்வளவுதான். இனி விசாரணை.

அது சாதாரண வலை இல்லை. கண்ணுக்குத் தெரியாத நானோத் துகள்களை அதன்மேல் பூசியிருந்தாள். எண்ணெய் கலந்த தண்ணீரை ஊற்றினால், தண்ணீர் புது மாப்பிள்ளை மாதிரி ஒட்டாமல் மேலேயே உருண்டு நிற்கும். எண்ணெய் மட்டும் சொந்த வீடு போல விறுவிறுவென்று உள்ளே இறங்கிவிடும். ஒரு தொழிற்சாலை இதைத் தன் கழிவுநீர்த் தொட்டியில் பொருத்திப் பார்க்க ஆசைப்பட்டது. வலையைச் செய்தவர் யாரோ, அவருக்கே அந்தப் பணியின் தலைமை.

"ஏங்க, விண்ணப்பத்துல என் பேரே இல்லையே?"

"நீ வேற, நான் வேறயா?"

"அப்போ என் பேரை மட்டும் போட்டிருக்கலாமே?"

"சபையில பேச ஒரு கம்பீரம் வேணும்மா. உனக்குக் கூச்சம்."

"எனக்கா? காலையிலேர்ந்து கத்திக்கிட்டிருக்கேன்!"

"பாத்தியா? நாலு பேர் முன்னாடி இப்படிக் கத்துவியா?"

இந்த மாதிரி வாதத்துக்குத்தான் நம் ஊர்களில் உயர்கல்வி என்று பெயர்.

செய்து காட்ட வேண்டிய நாள் வந்தது. காலையில் வலையைத் தூக்கிப் பார்த்தவருக்கு அது மங்கலாகத் தெரிந்தது. பெரிய மனிதர்கள் வரும் இடத்தில் பளபளப்பு வேண்டாமா? கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவாத கை, பாத்திரம் தேய்க்கும் சோப்பை எடுத்தது. நுரை பொங்கத் தேய்த்தார். அந்த நேரம் பார்த்து அவள் சமையலறைக்குள் வந்தாள்.

"ஐயோ, அதுக்குப் போய் சோப்பு..."

"நீ ஒண்ணும் சொல்லாத! இருபது வருஷமா வேதியியல் நடத்தறேன். அழுக்கு எடுக்க எனக்குத் தெரியாதா?"

அவள் உள்ளே போய், அதே வலையில் வெட்டியது போக மிச்சமிருந்த, சோப்புப் படாத துண்டு ஒன்றைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அரங்கத்தில் முன்வரிசையில் தொழிற்சாலையின் தலைமைப் பொறியாளர் அம்மா, பக்கத்தில் குறிப்பெழுத ஒரு செயலாளர். பேராசிரியர் முக்கால் மணி நேரம் பேசினார். என் தவம், என் வியர்வை, என் வலை. பிறகு நீல மை கலந்த தண்ணீரையும் எண்ணெயையும் சேர்த்துக் கம்பீரமாக ஊற்றினார்.

வலையில் மிச்சமிருந்த சோப்பு தன் வேலையைச் செய்தது; ஒட்டாத தண்ணீரையும் ஒட்ட வைத்தது. நீலமும் எண்ணெயும் கைகோத்துக்கொண்டு கீழே இறங்கின.

"என்ன சார், ரெண்டும் சேர்ந்தே வருது?"

பேராசிரியருக்கு வியர்த்தது. இப்போது நிஜமான வியர்வை. பால் பொங்கினாலும், குழாய் ஒழுகினாலும், விடைத்தாள் தொலைந்தாலும் அந்த வீட்டில் குற்றவாளி ஒருத்திதான். நாக்கு பழகிய பாதையில் தானாக ஓடியது.

"மேடம், இதை நான் செய்யல! என் சம்சாரம் செஞ்சது. கலக்கினது, பூசினது, காயவெச்சது எல்லாம் அவதான். எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல!"

"நிச்சயமாவா?"

"சத்தியமா மேடம்!"

செயலாளர் எழுதிக்கொண்டார். கடைசி வரிசையிலிருந்து அவள் எழுந்து வந்தாள். பையிலிருந்த துண்டை மாட்டினாள், ஊற்றினாள். எண்ணெய் இறங்கியது. நீலம் ஒரு சொட்டுகூட அசையவில்லை. அரங்கம் கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் கணவர்.

"பாத்தீங்களா மேடம்? நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து..."

"இப்பதானே சத்தியம் பண்ணீங்க, சார்?" என்ற பொறியாளர் அம்மா அவள் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரர் சொன்னது குறிப்புல ஏறிடுச்சும்மா. அடிச்சுடச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் மேடம். இந்த வலையைப் பத்தி அவர் இதுவரைக்கும் பேசின ஒரே உண்மை அது. ஒரு எழுத்துகூட மாத்தாம அப்படியே இருக்கட்டும்."