கூமாப்பட்டித் தோப்பு என்னுடையது அல்ல

ராஜபாளையம்,
7-9-1988

மாப்பிள்ளை பால்ச்சாமி அவர்களுக்கு,

ஐயாதுரை எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அக்கா அழகுத்தாயும் பிள்ளைகள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். கோர்ட்டுக்குப் போய்வந்ததிலிருந்து பொய் எழுதக் கை கூசுகிறது. தூத்துக்குடியில் நீங்கள் அனைவரும் சுகமாக இருக்க வேண்டும். பத்து வருஷம் பேசாதவன் இன்று சுகம் விசாரிக்கிறானே என்று கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள். முழுக்கப் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

நிற்க. என் பேண்டேஜ் துணி ஆலை போய்விட்டது. கடனைக் கட்ட வழியில்லாமல் ஆனி மாதம் திவாலென்று மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டேன். தறிகளை லாரியில் ஏற்றிப் போனார்கள், வீட்டுக்குச் சீல் வைத்தார்கள், ஒற்றை அறையில் நாலு பேரும் குடியிருக்கிறோம். மகள் பரிபூரணத்துக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தமும் முறிந்தது. இதெல்லாம் என் வினை, இதற்காக எழுதவில்லை. கூமாப்பட்டித் தென்னந்தோப்புக்காக எழுதுகிறேன். உங்கள் அப்பா அதைப் பேரப்பிள்ளைகளுக்கென்று டிரஸ்டாக எழுதி உங்களை டிரஸ்டியாகப் போட்டார். போட்டவர், மருமகனுக்கு இதில் எந்தப் பாத்தியதையும் கிடையாது என்று தனியாக ஒரு வரியும் சேர்த்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் பையனுடைய காதுகுத்து விருந்தில் உங்களைப் பந்தியிலிருந்து எழுப்பினேன். பாயசம் உங்கள் வேட்டியில் கொட்டியது. அத்தோடு விட்டேனா? பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும்படி தோப்பு வாசலில் 'ஐயாதுரை தோட்டம்' என்று போர்டு வைத்தேன்.

அந்தப் போர்டை நம்பித்தான் போன மாதம் கோர்ட் அமீனா தண்டோராக்காரரோடு தோப்புக்கு வந்துவிட்டார். மரமேறுகிற முத்துவீரன் மரத்து உச்சியில் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்தான். தோப்பிலுள்ள சகலமும் ஜப்தி என்று தண்டோரா போட்டதும் மேலேயிருந்து, "சாமி, அப்ப நானும் ஜப்தியா? எறங்கலாமா, கூடாதா?" என்று கத்தினான். அமீனா காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "செத்த நேரம் அங்கனயே இருப்பா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் அக்கா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் கூண்டேறினேன். நம் வக்கீல் சேக் முகைதீன் முன்கூட்டியே, "அண்ணாச்சி, தோப்பு என்னது இல்லன்னு ஒத்த வரி சொல்லிட்டு எறங்குங்க. வேற வாயத் தொறக்காதீய" என்று படித்துப் படித்துச் சொன்னார். தலையாட்டினேன். எதிர்த்தரப்பு வக்கீல் போர்டைப் போட்டோ எடுத்து வந்திருந்தார்.

"இதுல இருக்கிற பேரு யாரோடது?"

"என்னோடது."

"தென்னை வச்சது?"

"நாந்தான்."

"தண்ணி பாய்ச்சுனது?"

"நாந்தான்யா! அங்க எம்புட்டு மரம் இருக்குன்னு ஒமக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும்!"

சேக் முகைதீன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப தோப்பு உங்களுதுதானே?" என்றார் அந்த மனிதர், தேனொழுக.

எனக்கு நூல் கொடுத்து ஏமாந்தவர்கள் எதிரே பெஞ்சில் இருந்தார்கள். உங்கள் அக்கா தூணோரம் நின்றாள். என்ன வந்ததோ தெரியவில்லை. "இல்ல. எம் மாமனார் என்னைய நம்பல. இவன் எல்லாத்தையும் தொலைச்சிருவான்னு அவிய அன்னைக்கே கண்டுக்கிட்டாவ. அதான் பேரம்பேத்திக்கு எழுதுனாவ. போர்டு நான் வீம்புக்கு வச்சது" என்றேன். யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. கூண்டிலிருந்து இறங்கும்போது கோர்ட் டவாலி கைகொடுத்தார்.

பத்திரத்தின் நகல் போதாது, டிரஸ்டி நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்கிறார் நீதிபதி. வருகிற பத்தொன்பதாம் தேதி வாய்தா. நீங்கள் வராவிட்டால் தோப்பும் போய்விடும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை எழுப்பியது மகா பாவம். என்னை மன்னியுங்கள். எனக்காக வர வேண்டாம், பிள்ளைகளுக்காக வாருங்கள்.

உங்கள் குழந்தைகளுக்கு என் ஆசிகள். என் ஆசி பலிக்கும் நிலையில் இல்லை, இருந்தாலும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஐயாதுரை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது உங்கள் அக்கா இதை வாங்கிப் படித்துவிட்டு, "எந்தம்பி அன்னைக்குக் கோர்ட்டுல கடைசி பெஞ்சுலதான் இருந்தான். எல்லாத்தையும் கேட்டான். சாட்சிக்கு வாரேன்னு வக்கீல்கிட்டச் சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுனான்" என்கிறாள். "ஏட்டி, எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். "நீங்களா எழுதுதீயளான்னு பாத்தேன்" என்றாள். ஆகவே மேலே கெஞ்சியதெல்லாம் வீண். ஆனாலும் அனுப்புகிறேன், மன்னிப்பு நேரில் கேட்க எனக்கு வராது. பத்தொன்பதாம் தேதி பார்க்கும்போது, இதைப் படித்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.