பாதியில் நின்ற எறும்புகள்

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது.

இங்கே உன் அத்தை நலம். நானும் நலம், என் முட்டியைத் தவிர. ஒரு வாரமாக மேசைக்கு அடியிலேயே குடியிருந்ததுதான் காரணம். அங்கே நீ, என் மகன், பேத்தி மூவரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் போனில், "என் எறும்பு ஆராய்ச்சி எல்லாம் அந்தப் பழைய கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சு. அதுதான் செத்துப்போச்சே. போகட்டும் மாமா" என்றாய். நானும் "ஆமாம்மா, போகட்டும்" என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஐந்து வருஷத்துக்கு முன்னால் நீ பெரிய வயிற்றோடு அந்த மேசையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தபோது, "முதல்ல குழந்தை நல்லபடியா பொறக்கட்டும்மா, எறும்பு எங்கேயும் ஓடிடாது" என்று சொன்னவன் நான்தான். எறும்பு ஓடவில்லை. நீதான் எழுந்துபோனாய், திரும்பி உட்காரவே இல்லை. அதனால் நீங்கள் விட்டுப்போன பெட்டியை நானே உயிர்ப்பிப்பது என்று முடிவெடுத்தேன். ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு வருஷம் கம்பவுண்டராக இருந்து டாக்டர்களின் கையெழுத்தையே படித்தவன், இதைப் படிக்க மாட்டேனா என்ற தைரியம்தான்.

ஸ்விட்சைப் போட்டேன். பீப், பீப், பீப் என்று மூன்று தடவை கத்திவிட்டு அமைதியாகிவிட்டது. திரும்பப் போட்டேன், திரும்பக் கத்தியது. உன் அத்தை சமையலறையிலிருந்து, "அது ஏதோ சொல்லுது, என்னன்னு கேளுங்களேன்" என்றாள். கடைவீதியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "மெமரி சரியா உட்காரலைங்க. ஒயரைப் பிடுங்கிட்டு, மெமரியைக் கழட்டி, தங்கக்கலர் ஓரத்தை ரப்பர் வச்சு மெதுவா அழிங்க" என்றார். மெமரியை அழிப்பதா! பதறிப்போய் போனை வைத்துவிட்டேன். அவரே திரும்பக் கூப்பிட்டு, அழிக்கச் சொன்னது அழுக்கை மட்டும்தான், உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது என்று விளக்கினார். பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். பீப் நின்றது, திரையில் வெளிச்சம் வந்தது. நான் போட்ட சத்தத்தில் உன் அத்தை கரண்டியோடு ஓடிவந்து, எனக்கு ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து அந்தக் கரண்டிக் காம்பாலேயே என்னைத் தள்ளிவிட்டாள்.

அடுத்து, பெட்டிக்குத் தேதி மறந்துபோயிருந்தது. இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதி என்று அடம்பிடித்தது. அந்தக் கணக்குப்படி நீ இன்னும் எங்களுக்கு மருமகளாகவே வரவில்லை; அதை உன் அத்தையால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. உள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது என்று தெரிந்ததும், சமையலறைத் தராசைத் திருப்பி, அதிலிருந்த பேட்டரியைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். நம்பர் பொருந்திவிட்டது. அன்று முதல் எங்கள் வீட்டில் எல்லாம் கைக்கணக்குத்தான்.

இவ்வளவு செய்தும் கறுப்புத் திரையில் ஒரு கோடு கண்சிமிட்டிக்கொண்டே நின்றதே தவிர மேலே நகரவில்லை. பழைய சிஸ்டம் கெட்டுவிட்டது, புதிதாகப் போட வேண்டும் என்று சொல்லி, பழைய பெட்டிக்குத் தாங்குகிற சின்ன சிஸ்டம் ஒன்றைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார் கடைக்கார அம்மா. பெட்டியோ பென் டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை. முதலில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அதற்குச் சொல்ல, ஆரம்பிக்கும்போதே ஒரு பட்டனை அமுக்க வேண்டுமாம். அதற்குக் கிடைப்பது இரண்டே வினாடி; நான் மூக்குக்கண்ணாடியைப் போடுவதற்குள் பஸ் போய்விடும். கடைசியில் உன் அத்தை ஸ்விட்ச் போட, நான் கண்ணாடியோடு தயாராக இருந்து, பதினோராவது தடவை பிடித்தேன்.

இனி சொல்லப்போவதைப் படித்துப் பயப்படாதே. "தொடர்க" "தொடர்க" என்று வரிசையாக வந்ததை அமுக்கிக்கொண்டே போனவன், ஓர் இடத்தில் பழக்கதோஷத்தில் பொடி எழுத்தையும் படித்தேன். 'டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும்' என்று இருந்தது. மருந்துச் சீட்டில் ஒரு சைபர் கூடுதலாக இருந்தால் கை எப்படி நிற்குமோ, அப்படி நின்றது. கடைக்கார அம்மாவுக்குப் போன் போட்டால், "ஐயா, மவுஸ்லேர்ந்து கையை எடுங்க! நான் வர்றேன்" என்று கத்தினார். அவர் வரும் வரை உன் அத்தை என் வலது கையை விடவே இல்லை. எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு நேரம் கைகோத்து உட்கார்ந்தது அன்றுதான்.

அவர் வந்து, எதையும் அழிக்காமல் பழையதற்குப் பக்கத்தில் புதியதைப் போட்டுக் கொடுத்தார். உன் எறும்புகள் அத்தனையும் பத்திரம். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். கடைசிக் கோப்பின் தேதியைப் பார்த்தேன். பேத்தி பிறப்பதற்கு முந்தின நாள். கடைசி வரி, 'மழை வருமுன் இவை தம் முட்டைகளை' என்று பாதியில் நிற்கிறது. முட்டைகளை என்ன செய்தன? உன் அத்தை, "தூக்கிட்டு மேல போயிருக்கும்" என்கிறாள். நான் "அவ அப்படிச் சொல்லலையே" என்கிறேன். நாலு நாளாக வீட்டில் இதே பேச்சு.

அம்மா, அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எல்லாவற்றையும் நானே, என் கையாலேயே பென் டிரைவில் ஏற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீ இதற்காக லீவு போட்டு அலைய வேண்டாம். பேத்தியின் இரண்டு கன்னத்துக்கும் எங்கள் முத்தம். என் மகனிடம், மாலையில் ஒரு மணி நேரம் குழந்தையை அவன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு என்று சொல். நினைத்ததை முடித்து, நிறைவாக இரு.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் பென் டிரைவைக் கடைக்கார அம்மாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஐயா, படத்தோட ஓரத்துல அம்புக்குறி இருக்கு பாருங்க. இது கோப்பு இல்லை, ஷார்ட்கட்; வீட்டுக்கு வழி காட்டுற பலகை. பலகையை மட்டும் பிடுங்கிட்டு வந்திருக்கீங்க, வீடு அங்கேயே இருக்கு" என்றார். சரியாக ஏற்றும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தார். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் நான் ஏற்றப்போவதில்லை. மேலே 'லீவு போட்டு அலைய வேண்டாம்' என்று எழுதியதை அடித்துவிட்டுப் படி. லீவு போட்டுப் பேத்தியோடு வந்து பத்து நாள் இரு. அவளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீ அந்த மேசையில் உட்கார்ந்து எழுது. யாரும் உன்னை எழுந்திருக்கச் சொல்ல மாட்டோம்.